தசமத்தைப் பார்த்து மாறிலியை அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு முடிவிலாத் தொடரைக் கூட்டினீர்கள், அல்லது ஒரு தொகையீட்டைக் கணினியிடம் கொடுத்தீர்கள். விடை 4.599873743272337 என்று வந்து நிற்கிறது. இது யாரும் பார்த்திராத புது எண்ணா? அல்லது பை, ‘ஈ’ (2.71828…), √2, மடக்கை 2 (2இன் இயல் மடக்கை) போன்ற பழைய மாறிலிகளில் ஒன்று வேறு வடிவில் வந்திருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க முறையான வழி இருக்கிறது. பாதி வேலையைப் போன் கால்குலேட்டரிலேயே செய்துவிடலாம். மீதிக்குப் பைத்தான் நிரல்மொழியும் அதன் எம்பிமேத் நூலகமும் போதும், இல்லையென்றால் பாரி-ஜிபி என்ற கணித மென்பொருள். எல்லாமே இலவசம்.

கணினிக்கு ஒரே கட்டளை கொடுத்தால் அது ஏதாவது ஒரு சூத்திரத்தைத் துப்பிவிடும். அந்தச் சூத்திரத்தை நம்பலாமா என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கே போகிறது.

படி 1: இலக்கங்களைச் சேருங்கள்

ஆறு இலக்கம் கையில் வைத்துக்கொண்டு மாறிலி தேடக் கிளம்பாதீர்கள். கணினியின் சாதாரணத் தசமக் கணக்கு 15, 16 இலக்கம் தரும். அது ஆரம்பத்துக்கு மட்டும்தான் போதும். எம்பிமேத்திலோ பாரியிலோ துல்லியத்தை 50 அல்லது 100 இலக்கம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். பிறகு துல்லியத்தை இன்னும் கூட்டி ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டிலும் ஒத்துப்போகும் இலக்கங்களை மட்டும் உங்களுடையவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக நெருங்கும் தொடர்கள்தான் இங்கே பெரிய தலைவலி. நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்து நிலத்திலேயே இருக்கிறது. பை/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற தொடரைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே கேரளத்தின் சங்கமகிராம மாதவன் கண்டார். இதன் முதல் 10 உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.0418396 வருகிறது. முதல் தசம இடமே தப்பு. இப்படியே உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டு போனால் ஆயுசு முடிந்துவிடும். மாதவன் வழியினர் செய்தது வேறு: விட்டுப்போன வால் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு அதையும் சேர்த்தார்கள். உறுப்புகளின் எண்ணிக்கை ந என்றால், அவர்களுடைய மூன்றாவது திருத்தம் (ந² + 1) / (4ந³ + 5ந). ந = 10 என்று போட்டால் 101/4050 = 0.0249382716. அதை நான்கால் பெருக்கி மேலே கிடைத்ததோடு சேர்த்துப் பாருங்கள்: 3.1415927053. உறுப்புகள் அதே பத்துதான். ஆனால் ஏழு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் பையின் மதிப்பே வந்துவிடுகிறது.

இன்றைய மென்பொருள்களில் ரிச்சர்ட்சன், ஆய்லர்–மெக்லாரின் என்ற பெயர்களில் இருக்கும் முறைகளுக்கும் இதே அடிப்படைதான். எம்பிமேத்தின் கூட்டல் கட்டளை இவற்றைத் தானாகவே பயன்படுத்துகிறது. அது தந்த இலக்கங்களைக் கண்மூடி நம்பாமல், துல்லியத்தை மாற்றி மறுபடி ஓட்டிச் சரிபாருங்கள்.

படி 2: தொடர் பின்னமாகப் பிரித்துப் பாருங்கள்

தசம இலக்கங்களின் வரிசை எதையும் காட்டிக்கொடுக்காது. தொடர் பின்னம் நிறையக் காட்டிக்கொடுக்கும். செய்முறை மிக எளிது: எண்ணின் முழுப்பகுதியைக் குறித்துக்கொண்டு கழியுங்கள், மிச்சத்தின் தலைகீழியை எடுங்கள், திரும்பச் செய்யுங்கள்.

போனில் 0.697774657964 என்று அடித்துப் பாருங்கள். பார்த்தால் மடக்கை 2 (0.6931…) போலத் தெரியும், அது அல்ல. தலைகீழி 1.43312… அதில் 1ஐக் கழித்து மறுபடி தலைகீழி: 2.3087… அதில் 2ஐக் கழித்து: 3.238… பிறகு 4.193… பிறகு 5.16… முழுப்பகுதிகள் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன! தசமத்தில் துளியும் தெரியாத ஒழுங்கு ஐந்தே தட்டலில் வெளியே வந்துவிட்டது. இந்த எண் 2 என்ற இடத்தில் கணித்த இரண்டு பெசல் சார்புகளின் விகிதம்.

பிரித்தபின் கவனிக்க வேண்டியவை இவை. வரிசை சட்டென்று நின்றால், அல்லது திடீரென்று ஒரு ராட்சத எண் வந்தால், அது பெரும்பாலும் விகிதமுறு எண். அந்த ராட்சத எண்ணுக்கு முன்னால் நிறுத்திப் பின்னமாக்கினால் விடை. ஒரு கட்டத்துக்குப் பிறகு அதே எண்கள் சுழன்று சுழன்று வந்தால், அது முழு எண் கெழுக்கள் கொண்ட ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலம் (தீர்வு). இதை லக்ராஞ்சு 1770 வாக்கில் நிறுவினார். √7 என்றால் 2. 1, 1, 1, 4, 1, 1, 1, 4 என்று போகும். பொன் விகிதத்தில் எல்லாமே 1. ‘ஈ’ சுழலாது, ஆனால் 2. 1, 2, 1, 1, 4, 1, 1, 6, 1, 1, 8 என்று ஒழுங்காக வளரும். பை எந்த ஒழுங்கையும் காட்டுவதில்லை: 3, 7, 15, 1, 292, 1, 1, 1, 2…

அந்த 292ஐப் பார்த்துப் பலர் பரவசப்படுவார்கள். அதற்கு முன்னால் நிறுத்தினால் 355/113 கிடைக்கும், உண்மைதான். ஆனால் குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் எண்ணிலும் பெரிய உறுப்புகள் வரவே செய்யும். காஸ்–குஸ்மின் விதிப்படி உறுப்புகளில் சுமார் 41.5 சதவீதம் 1, 17 சதவீதம் 2, 9.3 சதவீதம் 3. 292 அல்லது அதைவிடப் பெரிய உறுப்பு வர ஏறத்தாழ இருநூற்றில் ஒரு வாய்ப்பு. இதெல்லாம் அதிசயக் கணக்கில் வராது. பத்துப் பன்னிரண்டு இலக்க உறுப்பு வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

அப்போதும் ஒரு விதிவிலக்கு உண்டு. 0.123456789101112131415… என்று இயல் எண்களை வரிசையாக ஒட்டி எழுதிய எண் சாம்பர்னோன் மாறிலி. அதன் தொடர் பின்னத்தில் 0. 8, 9, 1 என்பதற்கு அடுத்த உறுப்பே 149083. பதினெட்டாவது உறுப்பில் 166 இலக்கங்கள்! ஆனாலும் அது விகிதமுறு எண் இல்லை. அதைவிட ஒரு படி மேலே, அது விஞ்சிய எண் (விளக்கம் படி 7இல்).

இன்னொரு எச்சரிக்கை. சராசரியாக ஒரு தசம இலக்கத்துக்கு ஏறத்தாழ ஓர் உறுப்புதான் நம்பகமாகக் கிடைக்கும். 12 இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் இருபதாவது உறுப்பைப் பார்த்து முடிவெடுத்தால், அது முழுமையாக்கல் பிழையின் தொடர் பின்னமே தவிர உங்கள் எண்ணுடையது அல்ல.

படி 3: எண் எங்கிருந்து வந்தது?

மென்பொருள் கேட்காத, நீங்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது. வட்டம், அலை, மணி வடிவ வளைவு சம்பந்தப்பட்ட கணக்கு என்றால் பையும் அதன் வர்க்கமூலமும் சந்தேகப் பட்டியலில் முதலிடம். வளர்ச்சி, சிதைவு, வரிசைமாற்றங்கள் என்றால் ‘ஈ’. ஒன்றுவிட்டு ஒன்று குறி மாறும் தொடர் என்றால் மடக்கை 2. பகா எண்கள் அல்லது முழு எண்களின் அடுக்குத் தொடர் என்றால் ஜீட்டா மதிப்புகள் (1 + 1/4 + 1/9 + … போன்ற தொடர்களின் மதிப்புகள்).

நம் 4.599873743272337 வந்த வழி இது: க என்ற ஒவ்வொரு முழு எண்ணுக்கும் 1 + 1/2 + 1/3 + … + 1/க என்ற கூட்டலை எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, க²ஆல் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டியது. இந்த வகைக் கூட்டல்களுக்கு ‘எடை’ என்று ஒன்றைச் சொல்வார்கள். உள்ளே உள்ள கூட்டலுக்கு எடை 1, வர்க்கப்படுத்தியதால் 2, கீழே உள்ள க²க்கு இன்னொரு 2. மொத்தம் 4. எடை 2 கொண்ட 1 + 1/4 + 1/9 + … என்ற தொடரின் மதிப்பு பை²/6 என்று ஆய்லர் காட்டினார். அப்படியானால் எடை 4க்குப் பை⁴ஐ அல்லவா முதலில் சந்தேகிக்க வேண்டும்?

வகுத்துப் பாருங்கள். பையால் வகுத்தால் 1.464185288… ஒன்றும் தெரியவில்லை. பை²ஆல் 0.466064652… பை³ஆல் 0.148352986… பை⁴ஆல் வகுத்தால் 0.047222222222… இரண்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன! அது 17/360. ஆக, எண் 17 பை⁴/360.

இது பாடத்துக்காக ஜோடித்த கணக்கு இல்லை. 1993இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவராக இருந்த என்ரிக்கோ ஆ-யெங் இதைக் கணினியில் கூட்டி, சில இலக்கப் பொருத்தத்தைப் பார்த்து, பேராசிரியர் ஜொனதன் போர்வைனிடம் கொண்டுபோனார். போர்வைன் நம்பவில்லை. தப்பு என்று காட்டுவதற்காகவே அதிகத் துல்லியத்தில் கணக்கிட்டார்; 30 இலக்கம் வரை பொருந்திவிட்டது. பிறகு நிறுவப்படவும் செய்தது. போர்வைனின் சந்தேகம் நியாயமானதுதானா? அடுத்த படியில் பார்ப்போம். எனக்கு இதில் மிகவும் முக்கியமான படி அதுதான்.

படி 4: வரவு செலவுக் கணக்குப் போடுங்கள்

எந்த எண்ணையும் ஏதாவது ஒரு சூத்திரத்தோடு ஆறு இலக்கம் பொருத்திவிட முடியும். மேலே மூன்று இலக்க எண் ஒன்று, கீழே மூன்று இலக்க எண் ஒன்று என்று எடுத்தாலே லட்சக்கணக்கான பின்னங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஐந்தாறு இலக்கம் பொருந்தாமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே இப்படிக் கணக்குப் பாருங்கள்: சூத்திரத்தில் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடிய எண்களில் மொத்தம் எத்தனை இலக்கம் இருக்கிறதோ, அது செலவு. பொருந்திய இலக்கங்கள் வரவு. வரவில் செலவு போக மிஞ்சுவதுதான் சான்று.

17 பை⁴/360இல் 17க்கு இரண்டு, 360க்கு மூன்று, ஆகச் செலவு 5. மாணவரின் கையில் இருந்ததோ ஐந்தாறு சரியான இலக்கங்கள்தான். மிச்சம் ஒன்றுமில்லை. எனவே பேராசிரியர் சந்தேகப்பட்டது முற்றிலும் நியாயம். ஆனால் அதே எண்ணை (17/4) × ஜீட்டா(4) என்றும் எழுதலாம். 1 + 1/16 + 1/81 + … என்ற தொடரின் மதிப்பே ஜீட்டா(4), அதாவது பை⁴/90. இப்படி எழுதினால் செலவு 3 மட்டுமே. இயல்பான மாறிலியைத் தேர்ந்தெடுத்தால் செலவு குறைகிறது. படி 3 அத்தனை முக்கியமானது இதனால்தான். முப்பது இலக்கம் பொருந்தியபோதோ இருபத்தைந்துக்கு மேல் மிச்சம். தற்செயல் என்ற பேச்சே அப்போது எழாது.

நீங்கள் முயன்று தூக்கிப்போட்ட சூத்திரங்களும் செலவுக் கணக்கில் சேரும். பத்து வடிவங்களை முயன்றால் ஓர் இலக்கம் செலவு, ஆயிரம் முயன்றால் மூன்று. பை⁴ + பை⁵ = 403.42877… ஈ⁶ = 403.42879… ஏழு இலக்கம் பொருந்துகிறதே என்று வலைத்தளங்களில் சுற்றிவரும் செய்தி இது. இந்த அடுக்குகளைப் பிடிக்க எத்தனை ஆயிரம் சேர்க்கைகளைக் கணினி மென்று துப்பியிருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ‘ஈ’யின் பை ஆவது அடுக்கிலிருந்து பையைக் கழித்தால் 19.99909… வருவதும் இதே ரகம்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு காஸுடையது. 1, √2 என்ற இரண்டு எண்களை எடுங்கள். கூட்டுச் சராசரி 1.207106781; பெருக்குச் சராசரி 1.189207115. இந்த இரண்டுக்கும் மறுபடி இரண்டு சராசரிகளை எடுங்கள்: 1.198156948, 1.198123521. இன்னும் ஒருமுறை: 1.1981402348, 1.1981402347. மூன்றே சுற்றில் இரண்டும் ஒன்பது தசம இடம் ஒட்டிக்கொண்டன. காஸ் இந்த எண்ணையும், எட்டு வடிவ லெம்னிஸ்கேட் வளைவின் நீளத்திலிருந்து வரும் பை ÷ 2.622057554… என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 11 தசம இடம் வரை இரண்டும் ஒன்றே என்று 1799 மே 30 அன்று நாட்குறிப்பில் எழுதினார். இது நிறுவப்பட்டால் பகுப்பாய்வில் ஒரு புதிய களமே திறக்கும் என்றும் சேர்த்து எழுதினார். இங்கே மாற்றக்கூடிய கெழு ஒன்றுகூட இல்லை. செலவு ஏறக்குறைய பூஜ்யம், வரவு 11. காஸின் உறுதிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. களம் திறக்கவும் செய்தது: நீள்வட்டச் சார்புகள்.

படி 5: முழு எண் உறவைத் தேடுங்கள்

ஒரே மாறிலியால் வகுத்துப் பார்த்துப் பிடிபடாதவை, பல மாறிலிகளின் கலவையாக இருக்கலாம். 3 பை² − 7 மடக்கை 2 + 5 போன்ற ஒன்றைக் கையால் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். அதற்குத்தான் முழு எண் உறவு வழிமுறைகள். உங்கள் எண்ணையும் சந்தேகப்படும் மாறிலிகளையும் ஒரு பட்டியலாகக் கொடுத்தால், அவற்றை எந்த முழு எண்களால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வரும் என்று அவை தேடும். 1982இல் வந்த எல்எல்எல், 1992இல் ஃபெர்குசனும் பெய்லியும் கொண்டுவந்த பிஎஸ்எல்க்யூ ஆகிய இரண்டும்தான் இன்றும் உழைக்கின்றன. பாரியில் ‘லின்டெப்’ என்ற கட்டளை. எம்பிமேத்தில் அதன் பெயரே பிஎஸ்எல்க்யூ. (ஃபெர்குசன் சிற்பியும்கூட, கணித வடிவங்களைக் கல்லிலும் வெண்கலத்திலும் செய்தவர்.)

மூன்று விதமாகப் பயன்படுத்துங்கள்.

இயற்கணித எண்ணா என்று பார்க்க, பட்டியலில் எண்ணின் அடுக்குகளையே கொடுங்கள். 1.324717957244746ஐயும் அதன் வர்க்கம், கனம் ஆகியவற்றையும் 1உடன் சேர்த்துக் கொடுத்தால், கனத்தில் எண்ணையும் 1ஐயும் கழித்தால் பூஜ்யம் என்று உடனே வந்துவிடும். இதற்குத் தனிக் கட்டளைகளும் உண்டு: பாரியில் ‘அல்ஜ்டெப்’, எம்பிமேத்தில் ‘ஃபைண்ட்பாலி’. ஆனால் எவ்வளவு பெரிய படிவரை தேடுவது? கான்வேயின் ‘பார்த்துச் சொல்’ வரிசையின் (1, 11, 21, 1211 என்று முந்தைய எண்ணைப் பார்த்துச் சொல்வதையே அடுத்த எண்ணாக எழுதுவது) வளர்ச்சி விகிதம் 1.303577269… என்பது 71ஆம் படிப் பல்லுறுப்புக்கோவையின் மூலம். ஐந்தாறு படி தேடிவிட்டு இயற்கணித எண் இல்லை என்று சொல்லியிருந்தால் ஏமாந்திருப்போம்.

கூட்டல் வடிவம் என்றால் எண்ணை அப்படியே கொடுங்கள். பெருக்கல் வடிவம் என்று தோன்றினால் முதலில் இயல் மடக்கை எடுங்கள். பெருக்கல் கூட்டலாகிவிடும், அடுக்குகள் கெழுக்களாகிவிடும். 3.275822918721811 என்ற எண்ணை எடுங்கள். நேரடியாக எதனோடும் பொருந்தாது. மடக்கை எடுத்தால் 1.186569110… அதை மடக்கை 2ஆல் பெருக்கினால் 0.822467033… அது பை²/12. இது லெவி மாறிலி. படி 2இல் பார்த்த தொடர் பின்னங்களிலேயே பிறந்தது. ஏறக்குறைய எந்த எண்ணை எடுத்தாலும், அதன் தொடர் பின்னத்தை ஒவ்வோர் உறுப்பிலும் நிறுத்தினால் கிடைக்கும் தோராயப் பின்னங்களின் பகுதி (கீழே உள்ள எண்), ஓர் உறுப்புக்குச் சராசரியாக இத்தனை மடங்கு வளர்கிறது.

துல்லியத்துக்கு ஒரு தோராய விதி: பட்டியலில் 5 எண்கள், கெழுக்கள் 3 இலக்கம் வரை என்றால் 5 × 3 = 15. கையில் 15 இலக்கம் மட்டும் இருந்தால் வழிமுறை ‘கண்டுபிடிக்கும்’ உறவு குப்பையாக இருக்கும். எல்லாக் கெழுக்களும் ஒரே அளவில் பெரிதாக, 843, −517, 962 என்கிற மாதிரி வந்தால் அது தற்செயல் பொருத்தத்தின் முகம். உண்மையான உறவில் சிறிய எண்களும் பூஜ்யங்களும் இருக்கும். 40, 50 இலக்கம் கொடுங்கள். உறவு கிடைத்ததும் துல்லியத்தை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள்; அதே கெழுக்கள் வர வேண்டும்.

இந்தக் கருவியின் பெரும் வெற்றி 1995இல் வந்தது. சைமன் புளூஃப் பிஎஸ்எல்க்யூவை வைத்துத் தேடியதில் பைக்கு ஒரு புதுச் சூத்திரம் அகப்பட்டது: ந = 0, 1, 2 என்று போட்டு, 4/(8ந+1) − 2/(8ந+4) − 1/(8ந+5) − 1/(8ந+6) என்பதை 16இன் ந ஆவது அடுக்கால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் உறுப்பே 4 − 1/2 − 1/5 − 1/6 = 3.1333, இரண்டாவதைச் சேர்த்தால் 3.1414. கெழுக்கள் 4, −2, −1, −1 மட்டும்; எவ்வளவு சிறியவை, பாருங்கள். பைக்கு எத்தனையோ சூத்திரங்கள் இருக்க இதற்கு என்ன மவுசு? பதினாறின் அடிமானத்தில், முந்தைய இலக்கங்களைக் கணக்கிடாமலே பையின் எந்த இலக்கத்தையும் நேராகக் கணக்கிட இது வழி செய்தது. கணினி முதலில் கண்டுபிடித்துக் கொடுத்தது; நிரூபணம் பிறகு சில வரிகளில் முடிந்தது.

படி 6: பட்டியல்களில் தேடுங்கள்

நீல் ஸ்லோன் 1964இல் சேகரிக்கத் தொடங்கிய முழு எண் வரிசைகளின் இணையக் களஞ்சியம் மாறிலிகளுக்கும் நல்ல இடம். இலக்கங்களைக் காற்புள்ளியிட்டு ஒவ்வொன்றாக உள்ளிடுங்கள். தசமப் புள்ளியையும் முன்னால் உள்ள பூஜ்யங்களையும் விட்டுவிடுங்கள். முழுமையாக்கலில் மாறியிருக்கும் என்பதால் கடைசி இரண்டு இலக்கங்களையும் வெட்டிவிடுங்கள். தசமம் கிடைக்கவில்லையென்றால் தொடர் பின்ன உறுப்புகளை உள்ளிட்டுத் தேடுங்கள். பலருக்கும் இது தோன்றுவதில்லை. எண்ணின் தலைகீழி, இரு மடங்கு, பாதி, 1 கூட்டியது, 1 கழித்தது ஆகியவற்றையும் முயலுங்கள். களஞ்சியத்தில் உங்கள் எண்ணின் உறவினர் மட்டும் இருக்கக்கூடும்.

எதுவும் கிடைக்காமல் போவதும் ஒரு முடிவுதான். 1975இல் மிட்செல் ஃபைகன்பாம் கையடக்கக் கால்குலேட்டரில் 4.669 என்ற எண்ணைக் கண்டபோது, தெரிந்த மாறிலிகளோடு பொருத்திப் பார்க்கச் சிறிது நேரம் செலவிட்டார். எதனோடும் பொருந்தவில்லை. 4.669201609… இன்றுவரை எந்தப் பழைய மாறிலியாகவும் எழுதப்படவில்லை. ஒழுங்கு குழப்பமாக மாறும் வழியில் தானே ஒரு புது மாறிலியாக நிற்கிறது. பிஎஸ்எல்க்யூவின் தோல்விக்கும் மதிப்பு உண்டு: இந்த அளவுக்குக் குறைந்த கெழுக்களில் உறவே கிடையாது என்று அது உறுதியாகச் சொல்லிவிடும்.

படி 7: பெயர் தெரிந்தபின் குணங்களைப் பாருங்கள்

பெயர் கிடைத்துவிட்டால் குணங்களில் பலவும் கூடவே வரும். ஆனால் எது நிறுவப்பட்டது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்து எழுத வேண்டும். இணையத்தில் மிகவும் குழப்பப்படும் இடம் இதுதான்.

‘ஈ’ விகிதமுறா எண் என்பதை ஆய்லர் 1737இல் காட்டினார். பைக்கு அதை லாம்பெர்ட் 1760களில். முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் மூலமாகாத எண்ணே விஞ்சிய எண். ‘ஈ’ அப்படிப்பட்டது என்று ஹெர்மைட் 1873இலும், பை அப்படிப்பட்டது என்று லிண்டெமன் 1882இலும் நிறுவினர். ஆகவே நம் 17 பை⁴/360உம் விஞ்சிய எண்தான்; தனி நிரூபணம் வேண்டாம். ஜீட்டா(3) = 1.2020569… விகிதமுறா எண் என்று அபெரி 1978இல் காட்டினார். அது விஞ்சியதா என்பது தெரியாது. காமா என்ற ஆய்லர் மாறிலி 0.5772156… விகிதமுறா எண்ணா என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. அது பின்னமாக இருந்தால் அதன் பகுதியில் இரண்டு லட்சம் இலக்கங்களுக்கு மேல் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் கணக்கிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. காட்டலான் மாறிலி 0.915965594… கதையும் அதேதான். பை + ஈ? அதற்கும் தெரியாது.

இலக்கங்கள் சீராகப் பரவியிருக்கின்றனவா என்ற கேள்வி இன்னும் மோசம். பையின் இலக்கங்களை எண்ணினால் 0 முதல் 9 வரை எல்லாம் சமமாகவே வருகின்றன, நிரூபணம் கிடையாது. √2க்கும் கிடையாது. சாம்பர்னோன் மாறிலிக்கு மட்டும் 1933இலேயே நிறுவியாகிவிட்டது. காரணம் எளிது: அந்தக் குணம் வரும்படி அந்த எண்ணையே அப்படிக் கட்டினார்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று: உங்கள் எண்ணின் தொடர் பின்ன உறுப்புகள் ஓராயிரத்தின் பெருக்குச் சராசரியை எடுங்கள். ஏறக்குறைய எல்லா எண்களுக்கும் அது 2.685452… என்ற கின்சின் மாறிலியை நெருங்க வேண்டும். ‘ஈ’க்கு நெருங்காது, ஏனென்றால் அதன் உறுப்புகள் 2, 4, 6, 8 என்று வளர்ந்துகொண்டே போகின்றன. இருபடி மூலங்களுக்கும் பொதுவாக நெருங்காது. பைக்கு நெருங்குவதுபோல் தெரிகிறது. எனவே சராசரி 2.685இலிருந்து வெகுவாக விலகினால், உங்கள் எண்ணுக்குள் ஏதோ ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. படி 2க்குத் திரும்புங்கள்.

படி 8: ‘=’ போடுமுன்

வரவு செலவுக் கணக்கு ஒன்றை மட்டும்தான் விலக்குகிறது: தற்செயலை. ஆனால் தற்செயல் இல்லாமலே, காரணத்தோடு, மிக நெருக்கமாக வந்தும் சமமாகாத எண்கள் உண்டு.

‘ஈ’யைப் பை√163 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 262537412640768743.99999999999925… பதினெட்டு இலக்க முழுப்பகுதி, பிறகு பன்னிரண்டு ஒன்பதுகள். 15 இலக்கக் கணக்கில் இதை முழு எண் அல்ல என்று பிரித்தறியவே முடியாது. ஹெர்மைட் இதை 1859இலேயே கவனித்தார். ராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த √58 வருகிறது. அதன் மதிப்பு 24591257751.99999982… 1975 ஏப்ரலில் மார்ட்டின் கார்ட்னர், 163க்கான எண் முழு எண்ணே என்று நிரூபணமாகிவிட்டதாகத் தம் பத்தியில் எழுதி வாசகர்களை ஏப்ரல் முட்டாளாக்கினார். இந்த நெருக்கத்துக்கு எண் கோட்பாட்டில் ஆழமான காரணம் இருக்கிறது. அது விளக்குவது நெருக்கத்தை மட்டுமே.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. கோசைன்(2அ) × கோசைன்(அ) × கோசைன்(அ/2) × கோசைன்(அ/3) × … என்ற முடிவிலாப் பெருக்கத்தை 0இலிருந்து முடிவிலிவரை தொகையிட்டால் 0.392699081698724… வருகிறது. பை/8 என்று யாரும் சொல்லிவிடுவார்கள். செலவு ஓர் இலக்கம்; வரவு நாற்பதுக்கும் மேல். நம் கணக்குப்படி இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்காது. ஆனாலும் இரண்டும் சமம் இல்லை. 42ஆவது தசம இடத்தில் பிரிகின்றன.

ஆகவே கிடைத்ததை எழுதிவைக்கும்போது மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எத்தனை இலக்கம்வரை பொருத்தம் பார்த்தீர்கள், எந்தெந்த மாறிலிகளோடு எந்த அளவு கெழுக்கள்வரை தேடினீர்கள். நிரூபணம் கைக்கு வரும்வரை ‘=’ போடும் இடத்தில் ‘≈’ போட்டு, பக்கத்தில் ‘100 இலக்கம்வரை’ என்று எழுதினால் படிப்பவருக்கு அது போதும்.